மாயாவின் மூன்றாம் இசைத்தட்டு

'டுரான் டுரான்' என்னும் ஆங்கிலேயப் பாடற்குழு, 1982ஆம் ஆண்டு தனது 'சேவ் எ பிரேயர்' பாட்டுக்கான படத்தைச் சீகிரியாக் குன்றின் உச்சியிலே பிடித்தது. மாத்தளைப் பகுதியிலிருந்து மாணவரோடு அக்குன்றேறும் போதெல்லாம் நமக்கு அப்படம் நினைவில் உறுத்தும். குன்றும் கடலும் புத்தர் சிலையும் அதில் உண்டு. இம்மண்ணின் மனிதரோ அலங்காரமாகவே உண்டு. மறு ஆண்டு ஆடியில் இத்தீவு பற்றியெரிந்தது.

"நம்மவர் எவரும் அவ்வளவு பெரிய மேடை ஏறவில்லையா, சேர்?" என்று ஒருமுறை மாணவி ஒருத்தி கேட்டாள். ஏறினார் ஒருவர். ஏறியபின் அவர் செய்ததுதான் நமக்குப் பெரிதாகப்படுகிறது.

லண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மீண்டும் லண்டனில் அகதியாகக் குடியேறியவர் மாதங்கி அருள்பிரகாசம். எம். ஐ. ஏ. என்ற பெயரில் பாடுபவர். முதல் தட்டுக்குத் தந்தையின் பெயரை இட்டார். 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர், 'கலா'. நமது உறுமி அதிலே முழங்கிற்று. 'கிளாஷ்' என்ற ரொக் குழுவின் பழைய இசைத்துண்டொன்றின்மேல் எழுந்த 'பேப்பர் பிளேன்ஸ்', குடியேறியோரை ஐயத்தோடு நோக்கும் உலகை எள்ளிய பாட்டு. எள்ளப்பட்ட உலகமே அதை விலை கொடுத்து வாங்கியது! 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் நின்றார். அந்நாட்களில் வன்னியிலே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

வெற்றி கண்ட கலைஞரிடம் சந்தை கேட்பது ஒன்றே: அதையே இன்னொருமுறை தா. 2010 யூலையில் வந்த 'மாயா' அதைத் தரவில்லை. துளையிடும் பொறியின் இரைச்சலும் சிதைந்த குரலுமாக அது வந்தது. 'போர்ன் ஃப்ரீ' பாட்டின் படத்திலே, செம்பட்டைத் தலைமுடியுடைய இளைஞரைப் படையினர் வளைத்துப் பிடித்துச் சுட்டனர். முடியின் நிறத்துக்காகவா கொலை என்று மேல்நாட்டான் திகைத்தான். மொழிக்காகவும் பிறப்புக்காகவும் நடந்த கொலைகளுக்கு அவன் அவ்வளவு திகைத்ததில்லை. யூரியூப் அப்படத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. விமரிசகர் பலர் முகஞ்சுளித்தனர். தொடக்கப் பாட்டு, இணைய நிறுவனத்துக்கும் அரசுக்கும் தொடர்புண்டென்றபோது வீண்பயம் என்று நகைத்தோர், 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின் நகைக்கவில்லை.

குறை இல்லாமலில்லை. சில பாட்டுகள் வெறும் இரைச்சலாகவே நின்றுவிடுகின்றன. எவர் துயருக்காகச் சினந்தாரோ, அவ்வன்னித் தாய்க்கு இத்தட்டு எட்டவும் எட்டாது. முற்போக்குக் கலை தீர்க்கவேண்டிய பழைய கணக்கு இது. ஆயினும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 'கலா' 18ஆம் இடத்தில் நுழைந்திருக்க, 'மாயா' 9ஆம் இடத்தில் நுழைந்தது. கேட்பதற்குச் செவிகள் இருந்தன.

நாம் வகுப்பிலே அப்படத்தைக் காட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு அது கொடிது. பாட்டை மட்டும் கேட்பிக்கிறோம். ஒலியைக் குறைக்கும்படி அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வரும்.