வீட்டில் ஒரு வழங்கி

1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, காணி உறுதிகளையோ புகைப்படங்களையோ எம் குடும்பத்தாரால் எடுத்துவர இயலவில்லை. அவ்விழப்பை எண்ணியே, மதுரங்குளியில் எம் வீட்டு அலுமாரியின்மேல் உள்ளங்கையளவான கணினியொன்றை வழங்கியாக இயக்கிவருகின்றேன். 'ராஸ்பெரி பை' எனப்படும் அவ்வகைக் கணினி 2012இல் வெளிவந்தது. ஏறத்தாழ 5 வாற் மின்சாரமே அதற்குப் போதும்.

உம்மம்மா தம் ஊர்க் கிணற்றடியை நினைவுகூர்ந்த குரல், பின்னர் பெற்ற உறுதிகளின் பிரதிகள், பிள்ளைகளின் பாடநூல்கள் யாவும் அதிலுள்ளன. இணையம் அற்றபோதும் வீட்டார் தத்தம் கைபேசியில் அவற்றைக் காணலாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டபோது, பழைய கார் பற்றரியொன்று அதனைத் தாங்கிற்று.

எனினும், ஒரே வீட்டிலுள்ள பெட்டி அவ்வீட்டோடு அழியவும் கூடும். ஆதலால் மறுபிரதியொன்றைப் புத்தளத்தில் மச்சானிடம் ஒப்படைத்துள்ளேன். உம்மம்மா இன்றில்லை, பெருநாட் காலைகளில் அவர் குரலைப் பிள்ளைகள் கேட்கின்றார்கள்.