ஏரிக்கரையில் ஐஸ்லாந்தர் திருநாள்

கணக்கெழுதுவது நமது தொழில். பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாயிருந்து, விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மாலையிற் குலைக் கணக்கையும் செக்ரோலையும் நேர்செய்து வைப்பவர்க்கு, எதைக் கண்டாலும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கோடிட்டு எழுதத் தோன்றுவது இயல்பன்றோ? பிறந்த நாட்டைவிட்டுக் கடல் கடந்து போன மக்களின் வழித்தோன்றல்கள், ஆண்டுக்கொருமுறை ஓரிடத்தில் திரண்டு தம் முன்னோர் நாட்டைக் கொண்டாடும் விழாவொன்றைச் சென்ற ஆண்டு நேரிற் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்விழாவிற்கும் மனத்துள் ஒரு கணக்கெழுதினோம். அக்கணக்கு எளிதில் நேர்படவில்லை. அதனை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தங்கை கனடா நாட்டிலே, மானிடோபா மாநிலத்தின் தலைநகராகிய வின்னிப்பெக்கில் மருத்துவத் தாதியாகப் பணிபுரிகின்றாள். அவள் அனுப்பிய பயணச்சீட்டின் உதவியால் நாம் அங்குப் போய்ச்சேர்ந்த வாரத்தில், ஆகஸ்டு மாதத்து முதல் திங்கட்கிழமை விடுமுறையாக வாய்த்தது. "வடக்கே ஒரு மணி நேரம் போனால் கிம்லி என்ற ஊர், அண்ணா. ஐஸ்லாந்துக்காரர்கள் அங்கே விழா நடத்துகிறார்கள். பையனுக்கு வாள் சண்டை பார்க்க வேண்டுமாம்" என்றாள். அவள் மகனுக்கு வயது ஆறு. அவன் நம்மை 'அங்கிள்' என்கின்றான். தன் தாயை 'மம்மி' என்கின்றான். தமிழிற் கேட்டால் நம் வாயையே உற்றுநோக்குகின்றான். பின்பு தாயைத் திரும்பிப் பார்க்கின்றான். இதனைக் கண்டு நாம் தங்கையிடம் முதல் நாளே சிறிது கடுமையாகப் பேசிவிட்டோம். "அவன் இந்த நாட்டுப் பிள்ளை, அண்ணா. அவனுக்கு ஏன் இந்தச் சுமை?" என்று அவளும் கேட்டுவிட்டாள். அன்று வண்டியில் இருவரும் அதிகம் பேசவில்லை.

வழியெங்கும் நிலம் தட்டையாகவே கிடந்தது. மேடென்று சொல்லத்தக்கது ஒன்றும் கண்ணிற்படவில்லை. வின்னிப்பெக் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த கிம்லி, கடற்கரையூர் போலவே தோற்றுகின்றது, எதிர்க்கரை தெரிவதில்லை. பண்டை வடநாட்டுக் கதைகளில், உலகம் அழிந்தபின் எஞ்சிய நல்லோர் வாழும் இடத்தின் பெயராம் கிம்லி. அப்பெயரை இவ்வூருக்கு இட்டோர் எத்தகைய நிலையில் இட்டனர் என்பதை அறிந்தபோதுதான் அதன் பொருள் நமக்கு விளங்கிற்று.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 1870-ஆம் ஆண்டளவில் 70,000 மட்டுமே. கொடுங்குளிர், நிலப்பற்றாக்குறை, வறுமை, அந்நாட்டை ஆண்ட டென்மார்க்கின் அரசியற் பிடி ஆகியவற்றால் மக்கள் முன்னமே நொந்திருந்தனர். 1875-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அஸ்க்யா என்னும் எரிமலை வெடித்து, கிழக்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடிற்று. 1870-க்கும் 1914-க்கும் இடையில் ஐவரில் ஒருவர் என்னும் அளவில் மக்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் 200-க்கு மேற்பட்டோர், 1875 அக்டோபர் 21-ஆம் நாள், தட்டையடிப் படகுகளில் இழுத்துவரப்பட்டு இக்கரையில் இறங்கினர். குளிர்காலம் வாயிலில் நின்றது. உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கடியில் வலைவிரிக்கும் வித்தையை அவர்கள் அறியார். தக்க வீடும் இல்லை, உணவும் இல்லை. மறு ஆண்டு 1,000-க்கு மேற்பட்டோர் வந்துசேர்ந்தனர். அவ்விலையுதிர்காலத்தில் பெரியம்மையும் வந்து சேர்ந்தது. குடியேறியவருள் ஏறக்குறைய நூற்றுவர் மாண்டனர். 1877 கோடை வரையில் அப்பகுதியை விட்டு எவரும் வெளியேறலாகாதென்று காவல் போடப்பட்டிருந்தது.

இத்துயரின் நடுவே அவர்கள் செய்தது என்ன? அதே 1877-இல், தம் மொழியில் ஓர் இதழைத் தாமே அச்சிட்டு வெளியிட்டனர். அதன் பெயர் 'ஃப்ராம்ஃபாரி'; 'முன்னேற்றம்' என்பது பொருள். வயிற்றுக்கு மீன் கிடையாத இடத்திற்கு அச்செழுத்தை வரவழைத்த மக்களை என்னென்பது! பின்னாளில், 1898 முதல் 1910 வரை, இதே மாநிலத்திலிருந்து மார்கிரெட் பெனடிக்ட்சன் என்னும் பெண்மணி 'ஃபிரேயா' என்ற இதழை ஐஸ்லாந்து மொழியில் நடத்திப் பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். 1916-இல் கனடா மாநிலங்களுள் முதன்முதலாக மானிடோபா அவ்வுரிமையை வழங்கியது. தாய்மொழியைப் பேணுவோர் பழமையில் உறைந்துபோவர் என்று கூறுவார்க்கு இவ்வொரு சான்றே போதும்.

நிற்க. விழாவின் வரலாறும் அறியத்தக்கது. 1874-ஆம் ஆண்டு, ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய ஆயிரமாம் ஆண்டு நிறைவின்போது, டென்மார்க்கின் மன்னர் அந்நாட்டுக்கு ஓர் அரசியற் சட்டம் வழங்கினார். அதே ஆகஸ்டு 2-ஆம் நாள், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருந்த சிறு கூட்டத்தாரும் கூடிக் கொண்டாடினர். 1890-இல் வின்னிப்பெக்கில் இத்திருநாள் முறையாகத் தொடங்கிற்று. 1932-இல் கிம்லிக்கு மாற்றப்பட்டது. ஐஸ்லாந்து 1944-இல் குடியரசாகி, ஜூன் 17-ஐத் தன் தேசிய நாளாக்கிக் கொண்டது. கடல் கடந்தவரோ ஆகஸ்டை விடவில்லை. தாய்நாடு மாறியபின்னும், பிரிந்து போனவர் தாம் பிரிந்த நாளைய நாட்டையே மனத்தில் வைத்திருப்பர் போலும்.

ஊருக்குள் நுழைந்ததும் நமக்கு எழுந்தது ஏளனமே என்பதை மறைக்கமாட்டோம். கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைச்சீராக்கள் எங்கும் விற்பனையாயின. பண்டைய வைக்கிங்குகள் கொம்புச்சீரா அணிந்ததில்லை என்பது ஆராய்ந்தோர் முடிவு. துறைமுகத்தில் இளைஞர் இருவர், நீர்மேல் நீட்டிய கம்பத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் தள்ளி வீழ்த்தினர், மக்கள் ஆரவாரித்தனர். ஊர்வலத்தில் இழுவை வண்டிகள், சிறார்க்கு வீசப்பட்ட மிட்டாய். 1967-இல் ஐஸ்லாந்துக் குடியரசுத் தலைவர் ஆஸ்கெயர் ஆஸ்கெயர்சன் திறந்துவைத்த பெரிய வைக்கிங் சிலையின் காலடியில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டனர். 'இது திருநாளன்று, சந்தை' என்று எண்ணினோம்.

பிற்பகல் பூங்காவில் நடந்த கூட்டமே நம் எண்ணத்தை முதலில் அசைத்தது. வெண்ணிற நீளுடையும் பச்சைப் போர்வையும் முடியும் அணிந்து, இரு கன்னியர் உடன்வர, நரைகண்ட பெண்மணி ஒருவர் மேடையேறினார். அவர் அவ்வாண்டின் 'ஃபியால்கோனா', அஃதாவது மலைமாது. ஐஸ்லாந்து நாட்டைப் பெண்ணுருவாகக் காண்பது பழைய வழக்கம். உயிருள்ள ஒரு பெண்ணை அவ்வுருவில் மேடையேற்றும் வழக்கமோ 1924-இல் வின்னிப்பெக்கில் தோன்றிற்று. தாய்நாடு பின்னரே, 1940-களில், அதனை மேற்கொண்டது. ஈண்டு கருதத்தக்கது ஒன்று. இவ்விழாவில் அழகுக்காகவோ இளமைக்காகவோ மலைமாது தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. சமூகத்திற்கு நெடுங்காலம் தொண்டாற்றிய மூத்த பெண்ணுக்கே அம்முடி சூட்டப்படுகின்றது. மலையில்லாத சமவெளியில், மலைகளின் பெயரால் ஒரு பாட்டி பேசினார். பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆயினும் முன்னோர் நினைவுச் சின்னத்தில் அவர் மலர்வளையம் வைத்ததை எண்ணியபோது, நம் ஏளனத்திற்காக நாணினோம்.

பின்பு பசியாற ஓர் உணவுக் கூடத்திற்குள் நுழைந்தோம். 'வீனார்தேர்த்தா' என்னும் அடுக்குக் கேக்கு அங்கே துண்டுகளாக விற்கப்பட்டது. மெல்லிய மாவடுக்குகளுக்கிடையே உலர்ந்த பிளம் பழக் களியை அப்பிச் செய்வது. வாயில் இட்டதும் ஏலக்காய் மணத்தது. நம் பாட்டியார் பொங்கலன்று பாயசத்தில் தட்டிப்போட்ட அதே மணம், பனிநாட்டாரின் பண்டத்தில்! பரிமாறிய மூதாட்டி, "ஏழு அடுக்குக்குக் குறையலாகாது, மேற்பூச்சும் கூடாது. அடுத்த மேசையில் உள்ளவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்" என்று சிரித்தார். 1870-களில் ஐஸ்லாந்தில் நாகரிகமாயிருந்த இப்பண்டம் அங்கே பின்னர்ப் பெருமை குன்றிற்று. இங்கேயோ குடியேறியவர் வீடுதோறும் நிலைத்து நிற்கின்றது.

"ஐஸ்லாந்து மொழி பேசுவீர்களா?" என்று கேட்டோம்.

"என் பெற்றோர் பேசினார்கள். பிள்ளைகள் கேட்கக்கூடாததைப் பேசும்போது மட்டும் அதிற் பேசினார்கள். ஆகையால் எனக்குச் சில வசைச்சொற்கள் தெரியும், பண்டங்களின் பெயர் தெரியும்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "அவர்கள் நன்மையென்று நினைத்தே செய்தார்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பொழுது பொன்னிறத் தலைமயிருடைய ஒரு சிறுமி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "அம்மா! அம்மா!" என்று கூவி ஓடிவந்தாள். நாமும் திரும்பினோம், நம் தங்கையும் திரும்பினாள், மருமகனும் திரும்பினான். அச்சிறுமி மூதாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஐஸ்லாந்து மொழியில் 'அம்மா' என்றால் பாட்டி. மொழியை இழந்த குடும்பங்களிலும் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் பாட்டியை அம்மா என்றே அழைக்கின்றனர். இதனைக்கொண்டு ஐஸ்லாந்தரும் ஆதியில் தமிழரே என்று மார்தட்ட நம்மவருள் ஆள் இருப்பர், அவ்வீண்பேச்சு வேண்டா. ஒலி ஒத்தது தற்செயலே. ஆனால் நம் தங்கையின் முகத்தில் அவ்வொலி செய்த மாற்றம் தற்செயலன்று. அவள் கேக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் வழியில் கணக்கெழுதினோம். செலவுப் பக்கம் மொழி. 1886-இல் பிறந்த 'ஹைம்ஸ்கிரிங்லா', 1888-இல் பிறந்த 'லோக்பெர்க்' ஆகிய இரு வார இதழ்கள் 1959-இல் ஒன்றாக இணைந்தன; இன்று அவ்விதழின் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். வரவுப் பக்கம், மானிடோபாப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் நிலவும் ஐஸ்லாந்து மொழித்துறை, அடுக்குக் கேக்கு, ஒரு சொல். மற்றுமொன்றும் கணக்கில் ஏறவேண்டும். இக்கரை ஆளற்ற கரையாய் இருந்ததில்லை. பெரியம்மை ஐஸ்லாந்தரைக் கொன்றதினும் கொடிதாக, சாண்டி பார் என்னுமிடத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களைக் கொன்றது; அவர்கள் நிலமும் கைமாறிற்று. பசித்த குடியேறிகட்கு உதவிய ஜான் ராம்சே என்னும் பழங்குடியாளர், அந்நோயில் மாண்ட தம் மனைவி பெட்சிக்குப் பளிங்குக் கல் நாட்டினார். அக்கல்லின் கதையை ஐஸ்லாந்தர் வழிவந்தோர் இன்றும் சொல்லிக்கொள்கின்றனர். முன்னோரைப் போற்றும் நாளில் முன்னோரால் இடம் இழந்தோரையும் நினைப்பதே நேர்மையான கணக்கு.

கனடாவிற் குடியேறி உழவு செய்த கவிஞர் ஸ்டீபன் ஜி. ஸ்டீபன்சன் (1853–1927) பகலெல்லாம் ஆல்பர்ட்டாவின் வயலில் உழைத்து, இரவில் உறங்காது தம் தாய்மொழியிற் பாடல் புனைந்தார். தம் தொகுதிக்கு 'விழித்திருந்த இரவுகள்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவரை மொழியோடு பிணைத்தது மேடையன்று; ஒவ்வோர் இரவும் எடுத்த பேனா. அச்சிறுமியின் வாயில் அச்சொல்லை வைத்ததும் ஊர்வலமன்று; 'என்னை அம்மா என்று கூப்பிடு' என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாட்டியும் கேட்டுக்கொண்டது. திருநாள் செய்வது வேறு: வீடுகளிற் சிதறிக்கிடந்த சிறு சேமிப்புகளை ஒரு நாள் ஓரிடத்திற் கொட்டி, 'நாம் தனியாக இல்லை' என்று காட்டுகின்றது. வீட்டில் ஒன்றும் சேராவிடில், திருநாளிற் கொட்டுவதற்கு என்ன இருக்கும்?

தங்கையைக் கடிந்த நாம் யார்? இக்கேள்வி விமானத்தில் நம்மை உறங்கவிடவில்லை. நாமும் ஆங்கில வழியிற் பயின்றவரே. தோட்ட அலுவலகத்தில் மலாயும் ஆங்கிலமும். எழுதுவது தமிழ்க் கட்டுரை. வீட்டிலோ எட்டு வயது மகளிடம் ஆங்கிலம். அவள் முன்னேற வேண்டுமென்று நன்மையாகவே செய்தோம், அம்மூதாட்டியின் பெற்றோரைப் போலவே.

வீட்டு வாயிலில் மகள் ஓடிவந்து, என்ன வாங்கிவந்தீர்கள் என்று ஆங்கிலத்திற் கேட்டாள். நாம் தமிழில் விடைசொன்னோம். ஏரியைப் பற்றியும், மலையில்லா ஊரின் மலைமாதைப் பற்றியும், பாட்டியை அம்மா என்று அழைக்கும் பிள்ளைகளைப் பற்றியும் மெல்லச் சொன்னோம். அவள் வியந்து பார்த்து, "ஏன் பாட்டியைப்போலப் பேசுகிறீர்கள், அப்பா?" என்று மறுபடி ஆங்கிலத்திலேயே கேட்டாள். அக்கேள்வியைச் செலவில் எழுதாது வரவிலேயே எழுதிக்கொண்டோம். மறுநாளும் தமிழிலேயே பேசினோம். இப்பொழுது ஞாயிறுதோறும் தொலைபேசியில் மருமகன் வருகின்றான். சென்ற வாரம் 'மாமா' என்றான்.