கட்டமும் கணக்கும்

முழுநிலா நாளில் எங்கள் திருவண்ணாமலைக்கு வந்து பாருங்கள், தோழர்களே! மலையைச் சுற்றி மக்கள் வெள்ளம். ஏழைக்கு ஏன் சோறில்லை என்று கேட்டால், பன்னிரண்டு கட்டம் போட்டு, ஏழரைச் சனியைச் சாட்சிக்கு அழைக்கும் கூட்டமும் இங்கே உண்டு.

இந்த ஊரில் இருந்துகொண்டு, என் மகள் பொருளாதார அளவியல் படிக்கப் போகிறேன் என்றாள். “சாதகக் கட்டம் பார்த்துக் கரையேற்ற வேண்டிய வயதில் சமன்பாடு எதற்கு?” என்றனர் உறவினர். அவர்களுக்கு நான் சொன்ன விடை இது:

அளவியல் அறிஞனும் கட்டம் போடுகிறான். அவனும் வருங்காலம் கணிக்கிறான். ஆனால், அவன் கட்டத்துக்குள் கோள் இல்லை; கூலி இருக்கிறது! நெல் விலை இருக்கிறது, உரச்செலவு இருக்கிறது, வட்டி இருக்கிறது. தன் கணிப்பு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் அவனே எழுதி வைக்கிறான்.

எடுத்துக்காட்டுக்கு ஏழு கடல் தாண்ட வேண்டாம். நம் வட்டாரம் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காலம். 1973-74 இல் கேம்பிரிட்ச், சென்னைப் பல்கலைக் கழகங்களின் ஆய்வாளர்கள் அம்மாவட்டத்தின் பதினோரு சிற்றூர்களில் பசுமைப் புரட்சியை அளந்தனர். 1977 இல் வெளிவந்த நூலின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி! புதிய நெல்லைப் பயிரிடுவதில் சிறு உழவர் பின்தங்கி நின்றனர். பத்தாண்டு கழித்து, பீட்டர் ஹேசல், கோவை வேளாண் பல்கலைக் கழகத்துச் சி. இராமசாமி ஆகியோரின் குழு அதே ஊர்களை மீண்டும் அளந்தது. சிறு உழவரும் எட்டிப் பிடித்துவிட்டனர் என்றது, 1991 இல் வந்த அவர்கள் நூல். வேளாண்மையில் கூடும் ஒவ்வொரு ரூபாயும், கடைத்தெருவிலும் பட்டறையிலும் மேலும் 87 காசு வருவாயை எழுப்புகிறது என்றும் அவர்களின் மாதிரி கணித்தது.

முன்னவர் கண்டதைப் பின்னவர் திருத்தினர். தெய்வக்குற்றம் என்று எவரும் அலறவில்லை! எந்தச் சோதிடன் பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்து, தன் வாக்கைச் சரிபார்த்தான்?

ஆயினும், கணக்கையும் கடவுளாக்கிவிடாதீர்! சராசரி என்னும் போர்வைக்குள் சேரியின் பசி ஒளிந்துகொள்ளும். எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவு செய்பவன் மனிதன். அந்த இடத்தில், கூலியின் கனம் அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அமர வேண்டும். முதுகலை, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று ஆண்டுகள் பல கரையும். பொருள் விரைவில் சேராது. கரையட்டும்! வறுமைக்குக் காரணம் விதியா, வட்டியா? அதை அளந்து சொல்ல நமக்கு ஆள் வேண்டும்.