சாம்பல் நிறச் செய்முறைகள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தபோது, ஒரு பாத்திரம் இரண்டு முதன்மைத் தொழில்களை மட்டுமே கற்கலாம் என்னும் விதியுடன் வந்தது. சமையல், மீன்பிடித்தல், முதலுதவி போன்ற துணைத்தொழில்களுக்கு வரம்பில்லை. கொல்வேலை, தையல், தோல்வேலை, இரசவாதம், பொறியியல், மந்திரமேற்றல், சுரங்கம், மூலிகை பறித்தல், தோலுரித்தல் ஆகியவற்றுள் இரண்டுதான். மூன்றாவது ஒன்றில் ஆசை வந்தால் பழையதைக் கைவிட வேண்டும். கைவிட்ட கணத்தில் அதில் சேர்த்த தேர்ச்சி முழுதும் பூச்சியமாகும். 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கிளாசிக் பதிப்பிலும் இதே கண்டிப்பு.

ஐதராபாத்தில் மொழியியல் ஆய்வின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒருத்தி அந்தப் பதிப்பில் தையலையும் மந்திரமேற்றலையும் தேர்ந்தெடுத்திருந்தாள். ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சேர்த்து எடுக்கும் இணை அது. அதே துறைக்கு இவ்வாண்டு வந்து சேர்ந்த ஓர் இளைஞன் அவளைப் பார்த்து ஆட்டத்தில் நுழைந்தான், ஐந்தாம் நிலையை எட்டியதும் விடுதி உணவகத்தில் கேட்டான்: "அக்கா, எந்தத் தொழில எடுத்தா கையில காசு நிக்கும்?"

"காசு நிக்கணும்னா ஒண்ணும் செய்யாத தம்பி. சுரங்கமும் மூலிகையும் எடு. வெட்டு, பறி, வித்துடு."

இதில் கிண்டல் இல்லை. கிளாசிக்கின் ஏலக்கூடத்தில் சில நாள் நின்று பார்த்தவர் எவரும் இதையே சொல்வார். செம்புத் தாதுவுக்கு நல்ல விலை உண்டு. அதை உருக்கி அடித்த செம்புக் கவசத்துக்குத் தாதுவின் விலைகூடக் கிடைப்பதில்லை. வேலை சேரச் சேரப் பொருளின் மதிப்பு குறையும் வினோதச் சந்தை அது. காரணம் எளிது. அந்தக் கவசத்தை அடித்தவருக்கு வேண்டியிருந்தது கவசம் அன்று, அதை அடிப்பதால் ஏறும் ஒரு புள்ளி. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் புள்ளிக்காக அடித்துத் தள்ளுகிறார்கள், அணிய ஆளில்லை. கற்பவர் எல்லோரும் சேர்ந்து செலுத்தும் கட்டணம் சுரங்கக்காரர் பைக்குப் போகிறது. நாற்பதாம் நிலையில் வாங்கும் முதல் குதிரைக்கு ஏறத்தாழ 100 பொற்காசு தேவைப்படும் ஆட்டத்தில், எதையும் செய்யாமல் எடுத்து மட்டும் விற்றவரே முதலில் குதிரையேறுவார்.

தேர்ச்சி ஏறும் முறையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எண்ணிக்கை 1இல் தொடங்கி 300இல் முடியும். 75, 150, 225 ஆகிய படிகளில் பயிற்றுநரிடம் போய் அடுத்த கட்டத்தைக் கற்க வேண்டும். ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு நிறம் உண்டு. செம்மஞ்சளில் இருப்பதைச் செய்தால் ஒரு புள்ளி உறுதி. மஞ்சளானால் பெரும்பாலும் கிடைக்கும். பச்சையானால் எப்போதாவது. சாம்பல் நிறத்துக்கு மாறியபின் ஆயிரம் முறை செய்தாலும் ஒன்றும் ஏறாது. கை பழகப் பழக நிறம் வெளிறுகிறது. ஆகவே கற்பவர் எப்போதும் தனக்குச் சரியாக வராத ஒன்றையே செய்துகொண்டிருப்பார். நன்றாக வரத் தொடங்கியதும் அதை விட்டுவிடுவார். இவ்வளவு நேர்மையான பாடத்திட்டம் பல்கலைக்கழகங்களில் இல்லை எனலாம். இவ்வளவு கொடுமையானதும் இல்லை.

தையற்காரி லினன் துணி இரண்டைச் சேர்த்து ஒரு சுருள் ஆக்குகிறாள். கம்பளிக்கு மூன்று, பட்டுக்கு நான்கு. சுருள்களிலிருந்து அங்கிகள். அந்த அங்கிகளுள் பச்சைத் தரத்தை எட்டியவற்றை, தன் மற்றொரு தொழிலான மந்திரமேற்றலைக் கொண்டு தானே உடைத்துத் தூளாக்குகிறாள். தூள் மந்திரமேற்றலைக் கற்கச் செலவாகிறது. தைத்து ஒரு புள்ளி, தைத்ததைச் சிதைத்து இன்னொரு புள்ளி. ஒரே களஆய்வை மூன்று கருத்தரங்கக் கட்டுரைகளாக அறுத்துப் பட்டியலை நீட்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தைத்தல் என்னும் தொழிற்பெயர் காலம் காட்டாது. தைத்தவர் யாரென்றும் சொல்லாது. 1 முதல் 300 வரை நடப்பது அந்தத் தொழிற்பெயர் மட்டுமே. ஆனால் செய்து முடித்த அங்கியின்மேல் சுட்டியை வைத்தால் அடியில் பச்சை எழுத்தில் செய்தவர் பெயர் தோன்றும். கிடைத்தற்கரிய செய்முறை ஒன்றைக் கையில் வைத்திருப்பவரின் வாழ்க்கை அங்கிருந்து வேறாகிறது. ஆயுதத்தில் ஏற்றும் குருசேடர் மந்திரத்தின் செய்முறை ஹார்த்க்ளென்னில் இருக்கும் ஸ்கார்லெட் ஆர்ச்மேஜிடமிருந்து மிக அரிதாக விழும். அவள் பல இரவுகள் அங்கே காத்திருந்து அதைப் பெற்றாள். 300 என்ற எண் எல்லோரிடமும் இருந்தது. இது சிலரிடம் மட்டும்.

அதன்பின் ஐரோப்பிய வழங்கியின் மாலை எட்டு மணிக்கு, அதாவது இந்தியாவில் நள்ளிரவை ஒட்டி, அயர்ன்ஃபோர்ஜ் வங்கி வாசலில் அவள் நிற்பாள். கிளாசிக்கில் மந்திரத்தை ஏலக்கூடத்தில் வைத்து விற்க வழியில்லை. ஆள் நேரில் வர வேண்டும், மூலப்பொருள்களைத் தர வேண்டும், பரிமாற்றச் சாளரத்தில் வாளை வைக்க வேண்டும். பொருள்களை வாங்கிக்கொண்டு ஓடிவிட்ட மந்திரக்காரர்களைப் பற்றிய கதைகள் எல்லா வழங்கியிலும் உண்டு. எனவே பெயர் முக்கியம். யாரோ ஒரு டேனிஷ்காரர் தன் குழுவினரிடம் அவள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவார். வந்தவர் பேரம் பேசாமல் பொருளைத் தந்துவிடுவார். 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம், கைவினை ஆணைகள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் பொருள்களை அமைப்பிடம் ஒப்படைக்கிறார், கைவினைஞர் முடித்துத் தருகிறார், கூலி தானாக வருகிறது. ஏமாற்ற இடமில்லை. நல்ல ஏற்பாடுதான். ஒருவரோடு ஒருவர் பேசத் தேவையும் இல்லாமற்போனது.

இவற்றையெல்லாம் அவனுக்கு விளக்குவது அவளுக்கு எளிதாக இருந்தது. அடுத்து அவன் கேட்டது எளிதாக இல்லை. அவனுக்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது, தேர்ச்சிபெறாதோருக்கு யு.ஜி.சி. தரும் 8,000 ரூபாய்தான் மாதத்துக்கு. மலைக்கிராமம் ஒன்றில் பேசப்படும் சிறுமொழியின் சொற்களையும் கதைகளையும் பதிவுசெய்ய இரண்டாண்டுகள் போய்வர வேண்டும் என்பது அவன் ஆசை. பிறர் சேகரித்து வைத்த தரவை எடுத்து மாதிரிகள் பயிற்றுவித்தால் சீக்கிரம் முடியும், வேலையும் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள்.

"இங்க மட்டும் ஏன்க்கா தலைகீழா இருக்கு? பறிக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல, செய்யறவனுக்குத்தான் எல்லாம்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவளுடைய ஆய்வேடும் அப்படிச் சேகரித்த ஒலிப்பதிவுகளின் மேல்தான் நிற்கிறது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த உழைப்புக்குச் சந்தையில் விலை இல்லை என்பதும் தெரியும். போ என்று சொல்ல அவளுக்கு மனம் இருந்தது. பேருந்துக் கட்டணத்துக்கு யார் பணம் தருவார் என்று சொல்ல விடை இருக்கவில்லை. நெறியாளரிடம் பேசு, களப்பணிக்குத் துறையில் ஏதேனும் நிதி இருக்கிறதா என்று நானும் கேட்கிறேன் என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஆட்டத்தில் அவன் சுரங்கத்தையும் கொல்வேலையையும் எடுத்தான். காசு நிற்காது என்று கேட்டபின்பும் எடுத்தான். தாதுவை வைக்க இடமில்லாமல் அவன் மூட்டை அன்றிரவே நிரம்பிவிட்டது. லினன் பை ஒன்றுக்குச் சுருள் மூன்று, துணி ஆறு. அதில் ஆறு பொருள் வைக்கலாம். நான்கு பை மாட்ட முடியும். அவளுக்கு அந்தச் செய்முறை சாம்பல் நிறமாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வங்கியில் கிடந்த இருபத்துநான்கு துணியை எடுத்து, சுருளாக்கி, நான்கு பைகளைத் தைத்து அஞ்சலில் போட்டாள். கட்டணம் எவ்வளவு என்று அவன் கேட்டனுப்பினான். அடுத்த முறை செம்பு கிடைத்தால் கொஞ்சம் வை என்று பதில் போட்டுவிட்டு, அவள் ஒலிப்பதிவுக் கோப்பைத் திறந்தாள்.