காசியில் ஓர் இரவு ஜாகை

ஒரு காலத்தில் காசிக்குப் புறப்பட்டவர்கள் உற்றார் உறவினரிடம் விடைபெற்றுக்கொண்டே போனார்கள். தில்லியில் குடியேறிய நம்மவர்க்கு இன்று அது எட்டு மணி நேரப் பிரயாணம். 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் வண்டி ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில் விசுவநாதர் ஆலயத்திலிருந்து கங்கைக் கரை வரை அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. வழி எளிதாயிற்று, இரவு தலை சாய்க்க இடம் கிடைப்பதுதான் அரிதாயிற்று. அதிலும் கார்த்திகைப் பௌர்ணமியன்று, படித்துறைதோறும் அகல் விளக்கேற்றும் தேவ தீபாவளியில், நகரமே நிரம்பி வழியும்.

கோதோலியாவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரம் இருக்கிறது. ஹனுமான் கட்டத்திலும் கேதார கட்டத்திலும் தமிழ்க் குரல் காதில் விழும். இத்தகைய அறச்சாலைகளில் இடமில்லை என்று சொன்னால் கைகூப்பிவிட்டு வரவேண்டியதே முறை. அவர்கள் செய்வது தருமம். அதில் நமக்குப் பாத்தியதை ஒன்றும் இல்லை. ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு, அறை உறுதி என்று செய்தியும் அனுப்பிய விடுதியின் நிலை வேறு. அது வியாபாரம். வியாபாரத்தில் கொடுத்த வாக்குக்கு விலை உண்டு.

தேவ தீபாவளி ஒன்றில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விடுதி இருந்தது வண்டி நுழையாத ஒரு சந்தில். மூட்டை முடிச்சுகளுடன், முழங்கால் வலிக்கார மாமியாரையும் நடத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இரவு மணி எட்டு. முந்தின நாள் வந்தவர்கள் அறையைக் காலி செய்யவில்லை என்றார் சிப்பந்தி. பணம் முழுவதும் திரும்பி வந்துவிடும், உங்கள் கைப்பேசியிலேயே பதிவை ரத்து செய்துவிடுங்கள் என்று மிக மரியாதையாகவே கூறினார்.

இந்த மரியாதையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாமே ரத்து செய்தால், விருந்தினர் தம் விருப்பப்படி விலகியதாகவே கணக்கில் ஏறும். ரத்துக் கட்டணம் பிடித்தாலும் கேள்வியில்லை. என் மனைவி அதற்கு இணங்கவில்லை. “அறை இல்லை என்பவர் நீங்கள், அதை நீங்களே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்” என்றாள். அதன் பிறகே மானேஜர் வெளியே வந்தார். நாலைந்து இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி, சோனார்புராவில் ஓர் அறையைப் பிடித்தார். அதிகப்படி வாடகையை விடுதியே ஏற்றுக்கொண்டது. சாமான் தூக்க ஓர் ஆளும் வந்தான்.

அன்றிரவு பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தெருவில் நின்றிருந்தால், அதே தொகைக்கு அந்நகரில் ஒரு திண்ணைகூடக் கிடைத்திராது. ஆகவே முதலில் கேட்கவேண்டியது கூரை, பணம் பிறகு. அருகிலேயே அதற்கு நிகரான அறை, வாடகை வித்தியாசம், போய்ச்சேரும் செலவு, அதுவரை முதியவர்கள் உட்கார இடம், கழிப்பறை வசதி: இவற்றைக் கேட்பது பேராசையன்று. கங்கையைப் பார்த்த பெரிய அறையை இலவசமாகத் தரவேண்டும் என்று கூச்சலிடுவதுதான் பேராசை.

நம் பக்கத்துப் பிழைகளும் உண்டு. வண்டி 15-ஆம் தேதி பின்னிரவு இரண்டு மணிக்கு வருமானால், பதிவு 14-ஆம் தேதிக்கு இருக்கவேண்டும். நண்பகலில்தான் அறை தருவோம் என்ற விடுதியை விடியற்காலையில் எழுப்பிச் சண்டையிடுவதில் நியாயமில்லை. வண்டி தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லையேல் வராதவர் என்று எண்ணி அறையைப் பிறருக்குக் கொடுத்துவிடக்கூடும். அடையாளச் சீட்டு இல்லாதவருக்கு அறை மறுத்தால் அதையும் குறைகூற முடியாது.

விடுதி எதற்கும் மசியாவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். வழக்குத் தொடுக்கக் காசிக்குத் திரும்பப் போகவேண்டிய அவசியமும் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அங்கே முதலில் கேட்கப்படுவது ரசீதும், விடுதி அனுப்பிய உறுதிச் செய்தியும், அறை இல்லை என்று எழுதி வாங்கிய அந்தத் துண்டுச் சீட்டுமே.