எழுதப்படாத செந்தமிழ்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்

பழவங்காடிக் கணபதி கோயிலின் முன் தேங்காய்கள் உடைபடும் ஓசைக்கிடையே தமிழும் காதில் விழும்; சாலைக் கடைத்தெரு வணிகர்களின் தமிழ், கோட்டைப் பகுதி அக்கிரகாரத் தமிழ், நாகர்கோவில் பேருந்துக்கு விரைவோரின் தமிழ். இவர்களில் எவரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசும்போது "பந்தை உயர்த்தி அடித்தார்" என்பதில்லை. "தூக்கி அடிச்சாரு" என்பதே வழக்கம். இத்தகைய பிளவை விளக்கச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் முன்வைத்த இரட்டை வழக்குக் கோட்பாட்டின்படி, உயர்வழக்கு எவருக்கும் இயல்பான உரையாடல் மொழியன்று. மேடைப் பேச்சாளர் ஆயத்தமாகி வருகிறார். செய்தி வாசிப்பவரின் கையில் தாள் இருக்கிறது. தாளும் ஆயத்தமும் இன்றி, மணிக்கணக்கில், கண்முன் நிகழ்வதை உயர்வழக்கிலேயே சொல்லியாக வேண்டிய நிலை வானொலி நேர்முக வர்ணனையாளருக்கு இருந்தது. அவருக்கு நிகராக இன்னொருவரைக் காட்டுவது அரிது.

அப்பணியில் தமிழர் நினைவில் நிற்கும் பெயர் அப்துல் ஜப்பார். சாத்தான்குளத்துக்காரர். இலங்கை வானொலியின் நாடகங்களில் குரல் பழகியவர். 1980களில் சென்னை வானொலியின் கிரிக்கெட் வர்ணனைகளால் பரவலாக அறியப்பட்டார்; பின்னாளில் லண்டன் ஐ.பி.சி. தமிழ் வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. 'அழைத்தார் பிரபாகரன்' என்னும் நூலின் ஆசிரியராக மட்டும் அவரை அறிந்தோரும் உளர்.

அவர் எதிர்கொண்ட இடர் குரலைச் சார்ந்ததன்று, தொடரியலைச் சார்ந்தது. 1923இல் டொராண்டோவில் பனி ஹாக்கி ஒலிபரப்பைத் தொடங்கிய ஃபாஸ்டர் ஹெவிட்டின் புகழ்பெற்ற முழக்கம் "ஹி ஷூட்ஸ், ஹி ஸ்கோர்ஸ்" என்பது. எழுவாயை அடுத்தே வினை வந்துவிடுகிறது; நிகழ்வும் சொல்லும் ஒரே கணத்தில் முடிகின்றன. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பது. வர்ணனையாளர் தொடரைத் தொடங்கும்போது அதன் வினைமுற்று இன்னும் நிகழவே இல்லை! பந்து மட்டையில் படுமா, விக்கெட்டைச் சாய்க்குமா என்பது அவருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் கைகொடுப்பது வினையெச்சம். "ஓடி வந்து, நடுவரைக் கடந்து, அளவு குறைவாக வீச, பின்காலில் சென்று" என்று தொடரை மூடாமலே நீட்டலாம். முடிவு தெரிந்த நொடியில் "அடித்தார்" என்றோ "தவறவிட்டார்" என்றோ முற்றுப்பெறச் செய்யலாம். இலக்கண நூல் ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடும் வினையெச்சம், வானொலியில் கேட்போரின் மூச்சைப் பிடித்து நிறுத்தும் கருவியாயிற்று. வினைமுற்று தாமதிப்பதைத் தமிழின் குறையாகக் கருதுவோர், சேப்பாக்கத்து ஆட்டத்தை வானொலியில் கேட்டிராதவர்களாகவே இருக்க வேண்டும்.

சொற்களிலும் அத்தமிழ் தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது. ஓட்டம், எல்லைக்கோடு, பந்துவீச்சாளர் ஆகியவை நிலைபெற்றன. விக்கெட்டும் ஓவரும் அப்படியே தங்கின. கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர் துடுப்பாட்டம், பந்துப்பரிமாற்றம் என மேலும் ஒரு படி சென்றனர். இரு கரைகளின் ஒலிபரப்பையும் அறிந்தவர் ஜப்பார். அவருடைய தமிழ் எச்சொற்களில் எக்கரையைச் சார்ந்து நின்றது என்பது ஓர் ஆய்வேட்டுக்கே உரிய வினா.

2020 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் எழுதியவை நூல்களாகக் கிடைக்கின்றன. ஆனால் மேற்கண்ட வினாவுக்கு நூல்களால் பயனில்லை, ஒலி வேண்டும். ஆட்ட நாள்களில் வானொலிப் பெட்டியின் அருகே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தவர்கள் இன்னும் இருக்கக்கூடும். பரணில் கிடக்கும் கேசட்டின் மேல் திரைப்பாடல் பெயர் எழுதியிருந்தாலும், எறிவதற்கு முன் இரு பக்கங்களையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுப்பார்க்கலாம்.