மத்திய அலையில் ஒரு வயலின்

அகில இந்திய வானொலியின் அடையாள இசையிலேயே வயலின் இருக்கிறது. 1936இல் அதை அமைத்த வால்டர் காஃப்மன், ஹிட்லர் கால ஐரோப்பாவை விட்டு பம்பாய்க்கு வந்த யூதர். தம்புராவின் மேல் மெல்ல எழும் அந்த மெட்டைச் சிவரஞ்சனி என்பார்கள். காலையில் ரேடியோவைத் திருகிய எவரும், கர்நாடக சங்கீதம் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு வயலினைக் கேட்டுவிட்டார்கள்.

திருப்பூரில் சபா, டிசம்பர் சீசன் எல்லாம் பேப்பரில் படிக்கிற சமாச்சாரம். பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் இரைச்சலுக்கு மேலே பகல் முழுக்க சினிமாப் பாட்டு ஓடும். எங்கள் லைன் வீட்டுக்குக் கச்சேரி வந்தது கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ் வழியாகத்தான். அங்கே டிக்கெட் கிடையாது, நம் சட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள். தப்பான இடத்தில் தலையாட்டினாலும் கேட்க ஆளில்லை.

வாய்ப்பாட்டைவிட வயலின் நெருக்கமானதற்கு ஒரு காரணம், அதில் மொழி இல்லை. தெலுங்குக் கீர்த்தனை என்றால் பாதி வழியில் வெளியே நின்றுவிடுவோம். தனி வயலினில் அந்த வாசற்படி இல்லை, ஆனால் குரலின் குழைவு முழுதாக இருக்கிறது. மேற்கில் நின்றபடியோ நாற்காலியிலோ வாசிக்கும் கருவியை, நம்மவர்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை கம்பியில் தாராளமாக வழுக்கும். வீணையைப் போல மெட்டும் கிடையாது. கமகம் அங்கேதான் பிறக்கிறது.

ரேடியோவில் முகம் தெரியாது என்பதால் காதே ஆளை அடையாளம் காணப் பழகியது. பாடுவதுபோல் சொற்களுக்கு இடம்விட்டு வில் போட்டால் லால்குடி ஜெயராமன். ஒரே விரல் கம்பி நெடுக ஓடினால் பரூர் பாணி, எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன். அலட்டலே இல்லாமல் இனிமை மட்டும் நின்றால் டி.என்.கிருஷ்ணன். எங்கள் வீட்டில் இந்தப் பந்தயத்தில் அதிகம் ஜெயித்தது அப்பாதான். ராகப் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

அப்பா முப்பது வருஷம் நிட்டிங் மெஷின் ஓட்டினார். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் அங்கிருந்த ஒரே பாதுகாப்பு. இப்போது கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் அவருக்குப் பிடிபடாது, சும்மா சிரித்து வைப்பார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் தொடங்கும். பேச்சில் 'ச' போன்ற ஒலிகளின் கூர்மை அந்த உயரத்தில் இருப்பதால் சத்தம் கேட்கும், சொல் புரியாது.

சில வருஷம் முன்பு வானொலியின் செயலியைப் போனில் ஏற்றி, லால்குடி வாசித்த ஒலிப்பதிவு ஒன்றை ஓட்டினேன். வில் கம்பியை உரசும் கரகரப்பும், மிருதங்க வலந்தலையின் பளிச்சென்ற நாதமும் எனக்குப் புதிதாகக் கேட்டன. "பழைய ரேடியோவுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கப்பா" என்றேன். "எனக்கொண்ணும் தெரியலையே கண்ணு. அன்னைக்கு கேட்டாப்லயேதான் இருக்குது" என்றார்.

அது மறதியில்லை, கணக்கு. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் அதில் பயணிக்கும் ஒலி சுமார் 4500 ஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. வயலினின் சுரங்கள் அதற்குக் கீழேயே அடங்கிவிடும், மேலே போவது மினுமினுப்பு மட்டும். மத்திய அலை எதை வெட்டியதோ, அநேகமாக அதைத்தான் மெஷினும் அப்பாவின் காதிலிருந்து வெட்டியிருக்கிறது. பேச்சைப் பறித்த மெஷினால் லால்குடியைத் தொட முடியவில்லை.

இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. காது காதுதான், போனது போனதுதான். எம்.எஸ்.ஜி.யும் லால்குடியும் அதே 2013இல் ஜனவரியிலும் ஏப்ரலிலுமாகப் போய்விட்டார்கள். ஆனாலும் ராத்திரி சாப்பிட்டபின் அப்பா போனை வாங்கிக்கொள்கிறார். "ஆருடா வாசிக்கறது? இரு, இரு, சொல்லாத." அறிவிப்பாளரின் குரல் அவருக்குப் புரிவதில்லை. அதனால் கடைசியில் பெயரை நான்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவர் சொன்ன பெயர்தான்.